மதத் தீவிரவாதத்தைக் காரணம் காட்டி மதத்தையே தடை செய்துவிட முடியுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் அவருடைய சமயத்தின் பெயரும் நீக்கப்பட்டுள்ளன.

பல ஆண்டுகளாக வாரம் ஒருமுறை இருபது பேர் வரை அவருடைய வீட்டில் கூடி, சமய நூலை வாசித்து, பொருள் பேசி, பிரார்த்தனை செய்து கலைகிறார்கள். அண்மையில் அவர்களுடைய சமயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் நடத்திய தாக்குதலில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவர் வருந்துகிறார். "ஒரு நாட்டில் நம் சமயத்தையே தடை செய்துவிட்டார்கள், அடுத்தது நாம்தான்" என்ற செய்தி அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே குழுவில், கூட்டத்துக்கு வந்துபோகும் இளைஞர் ஒருவர், தாக்குதல் நடத்தியவர்களைப் புகழும் காணொளிகளை இருமுறை பகிர்ந்திருக்கிறார். இரண்டாவது காணொளியின் கீழே "நாமும் ஏதாவது செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். சில நாட்களில், அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர் வீட்டு வாசலில் நின்று, கூட்டத்துக்கு வருவோரின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ, "எல்லா மதங்களையும் தடை செய்தால்தான் இந்த ரத்தம் நிற்கும்" என்கிறாள்.

அவர் கேட்பவை: அரசு மதத்தையே தடை செய்துவிடுமா? காணொளி பற்றிப் புகார் கொடுத்தால் அதுவே தடைக்கு வழிவகுத்துவிடாதா? வாட்ஸ்அப் குழுவை அழித்து, நூல்களை அப்புறப்படுத்தி, கூட்டத்தையும் நிறுத்திவிடுவதுதான் பாதுகாப்பா?

வழக்கறிஞரின் பதில்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தடை வருமா என்ற கேள்வியை முதலில் வைத்து, அந்த இளைஞரைப் பற்றி நடுவில் நான்கே வரிகளில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அவசரமாகப் படுவது அந்த நான்கு வரிகள்தான். ஆனாலும், தடை பற்றிய அச்சம்தான் உங்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதால், அதைத் தெளிவுபடுத்திவிட்டு அவரிடம் வருகிறேன்.

மதத்தை முழுவதுமாகச் சட்டவிரோதமாக்கிய அரசுகள் உலகில் மிகச் சிலவே. அல்பேனியாவில் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் ஆட்சி 1967இல் 2,000க்கும் மேற்பட்ட வழிபாட்டுத் தலங்களை மூடியது. அந்நாட்டின் 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 37ஆவது பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, நாத்திகப் பரப்புரையை ஆதரிக்கும் என்று எழுதி வைத்தது. குழந்தை ஒன்றுக்கு ஞானஸ்நானம் செய்து வைத்ததற்காக ஒரு பாதிரியார் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வளவு கொடிய தடைக்கு எந்த மதத் தீவிரவாதத் தாக்குதலும் காரணமாக இருக்கவில்லை. இஸ்லாமியரும் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவரும் கத்தோலிக்கரும் அருகருகே வாழ்ந்த நாடு அது. மக்களின் விசுவாசம் கட்சியைத் தவிர வேறெதற்கும் உரியதாக இருக்கக்கூடாது என்ற கொள்கையே தடைக்கு மூலம். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793இல் தேவாலயங்கள் மூடப்பட்டதும், கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி பௌத்தத் துறவிகளின் காவியைக் களைந்ததும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆக, "தீவிரவாதம் முற்றினால் அரசுகள் மதத்தையே தடை செய்துவிடும், வரலாறு அப்படித்தான் சொல்கிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. மதத்தை முழுவதுமாக ஒழிக்கப் புறப்பட்டவர்களுக்குத் தீவிரவாதம் என்ற சாக்கே தேவைப்படவில்லை.

அந்த முயற்சிகள் வெற்றி பெறவும் இல்லை. நாத்திகப் பரப்புரையில் உலகிலேயே முன்னணியில் நின்ற சோவியத் ஒன்றியம், 1937ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மத நம்பிக்கை பற்றி ஒரு கேள்வியைச் சேர்த்தது. கைதுகளும் தண்டனைகளும் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. வீடு தேடி வந்த அரசு ஊழியரின் முகத்துக்கு நேரே, 16 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தாங்கள் நம்பிக்கையாளர்கள் என்று சொன்னார்கள். அரசு அந்தக் கணக்கெடுப்பையே செல்லாதென்று அறிவித்துவிட்டு, அதை நடத்திய புள்ளியியலாளர்களைக் கைது செய்தது. அச்சத்தில் இருக்கும்போது நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் செய்தி இது. நீங்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு

குடியியல் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. அதன் 18ஆவது பிரிவு மதச் சுதந்திரத்தை இரண்டு அடுக்குகளாகப் பார்க்கிறது. மனத்துக்குள் ஒருவர் எதை நம்புகிறார், எதை நம்ப மறுக்கிறார் என்பது முதல் அடுக்கு; அதில் எந்த அரசும் எந்தச் சூழலிலும் கை வைக்க இடமில்லை. கூடி வழிபடுவது, போதிப்பது, சமயச் சின்னங்களை அணிவது போன்ற வெளிப்பாடுகள் இரண்டாம் அடுக்கு; பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கநெறி, பிறருடைய அடிப்படை உரிமைகள் ஆகியவற்றைக் காப்பதற்குத் தேவையான அளவுக்கு மட்டும், சட்டத்தின் வழியாக அதைக் கட்டுப்படுத்தலாம். 'தேசப் பாதுகாப்பு' என்ற சொல் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் இல்லாத காரணத்தைச் சொல்லி வழிபாட்டைக் கட்டுப்படுத்தக்கூடாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் வெளியிட்ட தன் 22ஆவது பொது விளக்கவுரையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நெருக்கடிநிலை அறிவிக்கப்படும்போதுகூட நிறுத்தி வைக்க முடியாத உரிமைகளில் 18ஆவது பிரிவும் ஒன்று. அதே உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு அதைச் சொல்கிறது.

இது ஏட்டில் இருப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஏட்டில் இருப்பதை மீறும் அரசுகள் உண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. கீழே அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டிய நாள் வந்தால், ஏட்டில் இருப்பதுதான் கையில் இருக்கும்.

நீங்கள் கேள்விப்பட்ட அந்த 'தடை'

உங்கள் குழுவில் சுற்றும் செய்திக்கு எந்த ஆதாரமும் இணைக்கப்படவில்லை. இவ்வகைச் செய்திகள் வருவதும் புதிதல்ல. 2013 நவம்பரில், அங்கோலா இஸ்லாத்தைத் தடை செய்துவிட்டது என்று பல நாட்டு ஊடகங்கள் எழுதின. அந்நாட்டு அரசு அதை மறுத்தது. உண்மையில் நடந்தது வேறு. அப்போது நடைமுறையில் இருந்த 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மத அமைப்பு பதிவு பெற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்க வேண்டியிருந்தது. அன்றைய 18 மாகாணங்களில் 12இல் அது இயங்கவும் வேண்டியிருந்தது. சிறுபான்மைச் சமயம் எதுவும் அந்த அளவை எட்டுவது அரிது. எனவே பதிவு கிடைக்கவில்லை. பதிவில்லாத பள்ளிவாசல்கள் சில மூடப்பட்டன. 'தடை' என்ற சொல் எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் தொழுவதற்கு இடம் இல்லாமல் போனது.

நீங்கள் கவனம் வைக்க வேண்டிய இடம் இதுதான். இன்றைய அரசுகள் மதத்தை ஒரே அடியாகத் தடை செய்வதில்லை. பதிவு, அனுமதி, கட்டட விதி, வயது வரம்பு, நூல்களுக்குத் தணிக்கை என்று வழிபாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குகின்றன. அந்த நெருக்குதலுக்குத்தான் தீவிரவாதம் காரணமாகக் காட்டப்படுகிறது. தஜிகிஸ்தானில் 2011இல் வந்த பெற்றோர் பொறுப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பள்ளிவாசல் வழிபாட்டில் கலந்துகொள்வதைத் தடுத்தது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் 2017இல் வந்த ஒழுங்குவிதிகள், 'இயல்புக்கு மாறான' தாடியையும் முகத்திரையையும் தீவிரவாதத்தின் அடையாளங்களாகப் பட்டியலிட்டன.

என்னை மிகவும் கலங்கவைத்த வழக்கு ரஷ்யாவைச் சேர்ந்தது. அங்கே 2002இல் இயற்றப்பட்ட தீவிரவாத எதிர்ப்புச் சட்டத்தில், தம் மதமே உயர்ந்தது என்று பரப்புவதும் தீவிரவாதமாகக் கருதப்பட இடமிருக்கிறது; வன்முறை நடந்திருக்க வேண்டியதில்லை, வன்முறைக்கு அழைப்பு விடுத்திருக்கவும் வேண்டியதில்லை. தன் நம்பிக்கையே உண்மை என்று சொல்லாத சமயம் எங்கே இருக்கிறது? ஆயுதம் ஏந்த மறுப்பதற்காகவே பல நாடுகளில் சிறைக்குப் போன யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. 2017 ஏப்ரலில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மைய அமைப்பையும் ஏறத்தாழ 400 உள்ளூர்க் கிளைகளையும் தீவிரவாத அமைப்புகள் என்று கலைத்தது. வீட்டில் நான்கு பேர் கூடி நூல் வாசிப்பதும் 'தடை செய்யப்பட்ட அமைப்பின் செயல்பாட்டைத் தொடர்வது' ஆகிவிட்டது. அதற்காகப் பலர் சிறைக்குப் போனார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2022 ஜூனில் அது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் ரஷ்யா, அந்த நீதிமன்றம் சார்ந்திருக்கும் ஐரோப்பிய மன்றத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. உங்கள் நாட்டில் தீவிரவாதம் பற்றிய சட்ட முன்வரைவு ஏதேனும் வந்தால், தண்டனை எத்தனை ஆண்டு என்பதைப் பார்ப்பதற்கு முன், அதன் வரையறைப் பிரிவில் வன்முறை என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வகைத் தடையும் உண்டு. அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மதத் தீவிரப் போக்கு அரசையே வளைத்துவிட்டால், அது மதத்தைத் தடை செய்யாது, தன்னுடையதல்லாத மதத்தைத் தடை செய்யும். பாகிஸ்தானில் 1984இல் வந்த அவசரச் சட்டத்தின்படி, தங்களை இஸ்லாத்தின் ஒரு பிரிவினராகக் கருதும் அகமதியர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதும் தங்கள் வழிபாட்டிடத்தைப் பள்ளிவாசல் என்று அழைப்பதும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். மாலத்தீவின் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு, முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெற முடியாது என்கிறது. எனவே மதச் சுதந்திரச் சட்டங்கள் மத நம்பிக்கையாளருக்கு எதிரானவை என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், அந்தச் சட்டங்கள் முதலில் காப்பது சிறுபான்மை நம்பிக்கையாளரைத்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது அந்த இளைஞரைப் பற்றி

புகார் கொடுத்தால் உங்கள் கூட்டத்துக்கே ஆபத்து என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். என் அனுபவமும் நான் படித்த தீர்ப்புகளும் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. ஓர் அமைப்பைக் கலைக்கக் கோரும் அரசுத் தரப்பு, "தெரிந்தும் மறைத்தார்கள்" என்பதைத்தான் தேடும். தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவித்த குழுவின் மீது அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். 1995 மார்ச் 20ஆம் தேதி ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழுவினர் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினார்கள்; பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். குற்றம் செய்தவர்கள் மீது கொலை வழக்குகள் நடந்தன. நீதிமன்றம் அக்குழுவின் மத நிறுவனத் தகுதியைப் பறித்தது. சொத்தும் வரிச் சலுகையும் போயின. ஆனால் அந்தத் தகுதி இல்லாவிட்டாலும் நம்பிக்கையாளர் தம் வழிபாட்டைத் தொடர்வதற்குச் சட்டத்தடை இல்லை என்று 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. நாசவேலைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்தக் குழுவையே முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை அதற்கென இருந்த ஆணையம் 1997 ஜனவரியில் நிராகரித்தது. பின்னர் 1999இல் கண்காணிப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. அவ்வளவு பெரிய குற்றத்துக்குப் பிறகும் செயலையும் நம்பிக்கையையும் பிரித்துப் பார்க்க ஒரு நாட்டால் முடிந்திருக்கிறது.

இளைஞர் எழுதிய வரி வெறும் ஆத்திரமாகவும் இருக்கலாம். வெறுப்பைத் தூண்டும் பேச்சு எப்போது தண்டிக்கத்தக்க குற்றமாகிறது என்பதற்கு, ஐ.நா. முயற்சியில் 2012இல் உருவான ரபாத் செயல்திட்டம் ஆறு அளவுகோல்களைத் தருகிறது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், எத்தனை பேரைச் சென்றடைந்தது, தீங்கு விளையும் வாய்ப்பு. அவற்றை எடைபோடுவது விசாரிப்பவர்களின் வேலை. உங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து நீங்களே விசாரணை நடத்திவிடாதீர்கள். சில நாடுகளில், பயங்கரவாதச் செயலைத் தடுக்க உதவக்கூடிய தகவலைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தில் 38பி பிரிவு அப்படிப்பட்டது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்த வாரத்துக்குள் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். நாள், இடம், ஆயுதம் என்று எதையாவது குறிப்பிட்டு அவர் பேசியதாகத் தெரியவந்தால், வழக்கறிஞருக்காகக்கூடக் காத்திருக்காமல் உடனே காவல்துறையை அழையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை அழிக்க வேண்டாம். அழித்தால், நீங்கள் குற்றமற்றவர் என்பதற்கு இருக்கும் ஒரே சான்றும் அதோடு போய்விடும். சான்றை அழித்தார் என்ற பழி மட்டும் மிஞ்சும். தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி அந்தப் பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "இதைப் பாருங்களேன்" என்று காட்டுவதற்காகக்கூட அந்தக் காணொளியை வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்புவதே பரப்பும் குற்றமாகலாம். வன்முறையைப் புகழும் எதற்கும் இங்கே இடமில்லை என்று குழுவில் உங்கள் பெயரில் ஒரு வரி எழுதுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அந்த இளைஞரும் யாரோ ஒரு தாயின் பிள்ளை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவருடைய குடும்பத்திடம் பேச வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் சில நாடுகளில் விசாரணை பற்றி முன்கூட்டியே தெரியப்படுத்துவதும் குற்றம் என்பதால், வழக்கறிஞரைக் கேட்ட பிறகே அதைச் செய்யுங்கள்.

வாசலுக்கு வந்த அதிகாரி

மறுபடி வந்தால் மரியாதையாகவே பேசுங்கள்; அடையாள அட்டையைக் கேட்டுப் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இந்த விவரம் தேவைப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பொய் சொல்லக்கூடாது, கூட்டமே நடப்பதில்லை என்று சொல்லிவிடலாமா என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்கள், அது உங்களைத் தேவையில்லாத சிக்கலில் மாட்டிவிடும். அதே நேரம், இருபது பேரின் சமயமும் தொலைபேசி எண்ணும் நீங்கள் இஷ்டப்படி எடுத்துக்கொடுக்கும் பொருள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 9ஆவது பிரிவு, ஒருவருடைய மத நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய விவரமாக வைத்திருக்கிறது. வேறு பல நாடுகளின் சட்டங்களும் அப்படியே. முறையான ஆணையோடு வந்தால் வழக்கறிஞர் முன்னிலையில் கொடுங்கள். அந்த இளைஞரைப் பற்றிய புகாரை நீங்களே முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால், விசாரணையும் அவரோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம்; மற்றவர்களின் பட்டியல் தேவைப்படாமலே போகலாம்.

உங்கள் மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். செத்தவர்களுக்காக அவள் கோபப்படுகிறாள், அந்தக் கோபத்தை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு மெக்ஸிகோவின் கதையைச் சொல்லுங்கள். 1926இல் அதிபர் கயேஸ், பாதிரியார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, பொது இடத்தில் சமய உடைக்குத் தடை, மீறினால் சிறை என்று கடுமையான சட்டம் கொண்டுவந்தார். எதிர்ப்பாக ஆலயங்களில் வழிபாடு நிறுத்தப்பட்டது. கிராமத்து விவசாயிகள் துப்பாக்கி எடுத்தார்கள். கிறிஸ்தேரோ போர் என்று அழைக்கப்படும் அந்த மூன்றாண்டுக் கத்தோலிக்கக் கிளர்ச்சியில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1929இல் அரசு இறங்கி வந்து சமரசம் செய்துகொண்ட பிறகுதான் மணிகள் மறுபடி ஒலித்தன. தடை ரத்தத்தை நிறுத்தும் என்பது அவளுடைய நம்பிக்கை. மெக்ஸிகோவில் அந்த மூன்றாண்டு ரத்தம் ஓடத் தொடங்கியதே தடைக்குப் பிறகுதான். அவளோடு வாதாடி வெல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வன்முறையைத் தூண்டும் மதப் பேச்சைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்பதில் சட்டம் அவள் பக்கம்தான் நிற்கிறது, நான் மேலே சொன்ன பன்னாட்டு உடன்படிக்கையின் 20ஆவது பிரிவே அதை அரசுகளின் கடமையாக்கியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் புகார் கொடுக்கப் போகும்போது அவளையும் கூட அழைத்துச் செல்லலாம்.

நூல்களைப் பொறுத்தவரை, உங்கள் நாட்டில் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்யப்பட்ட வெளியீடுகள் பட்டியல் இருந்தால் அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அடுத்த வாரக் கூட்டத்தை நடத்தலாம். எழுத்தில் தடை ஆணை எதுவும் வராத வரை அதை நிறுத்துவதற்கான சட்டக் கட்டாயம் உங்களுக்கு இல்லை. அப்படி ஓர் ஆணை வந்துவிட்டால், கூட்டத்தை அன்று ஒத்திவைத்துவிட்டு, ஆணை கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து அன்றைக்கே வழக்கறிஞரிடம் கொண்டு போங்கள். மேல்முறையீட்டுக்கான கால அவகாசம் பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும், அது சில நாட்களாக மட்டுமே இருக்கவும் கூடும்.